சுதாவின் பழைய ஃபைல்

போன செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலில் ஓர் இதய டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் சுதாவுக்கு இருபத்தாறு வயது; ஐந்து மாத கர்ப்பம். டாக்டர் அவளுடைய எக்கோ ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: சின்ன வயதில் பெரிய வியாதி ஏதாவது வந்ததா?

அறையில் நான்கு பேர். டாக்டர், நான், சுதா, அவள் கணவன் ரமேஷ். நான் பதில் சொல்லவில்லை. காரணம், அந்த நான்காவது ஆள்.

சுதாவுக்கு எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. எங்கள் ஊர் கொட்டாரத்திலிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு அறுபத்திரண்டு தடவை போய் வந்தோம். நன்னாரி சர்பத் நிறத்தில் சிவப்பாக ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். மறுநாள் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். குழந்தை அதைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் அவள் அம்மாவும் சிரித்ததில்லை.

பிழைத்துவிட்டாள். கடைசி நாளில் ஒரு லேடி டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். சில மருந்துகள் வருஷங்கள் கழித்து இதயத்தைப் பலவீனமாக்கலாம். வளர்ந்த பிறகும் அவ்வப்போது எக்கோ எடுத்துப் பாருங்கள். ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். இத்தனையும் சொன்னார். எங்கள் காதில் விழுந்தது ஒரு சொல்தான் — குணமாகிவிட்டது.

பிறகு வரன் பார்க்கும் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சும்மா வருவதில்லை. டீக்கடையில் ஒரு விசாரிப்பு, மருந்துக்கடையில் ஒரு விசாரிப்பு, பக்கத்து வீட்டில் இரண்டு. முதல் வரன் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் என் மனைவி அந்த ஃபைலை எடுத்து வந்தாள்.

“இந்தக் கடுதாசி வீட்டுல கெடந்தா ஒருத்தனும் படி ஏறமாட்டான், பாத்துக்கிடுங்க” என்றாள்.

வெந்நீர் அடுப்பில் தேங்காய் மட்டைச் சவுரியோடு சேர்த்து எரித்தோம். ஒவ்வொரு தாளாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு தாள். எண்ணினேன்... ஒன்றையும் வாசிக்கவில்லை.

எண்ணுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறீர்களா? ஓய்வுக்காக வந்த சுதா, எங்கள் வீட்டு மாடிப்படி பதினான்கில் ஒன்பதாவதில் நின்று மூச்சு வாங்கினாள். பத்து நாளில் அது ஆறாவது படியாயிற்று. அதையும் கவனித்துச் சொன்னேன். “இதையுமா எண்ணுதிய? அம்மா பாவம், எப்படித்தான் குடும்பம் நடத்துதாளோ” என்று கேலி செய்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். கால் வீங்கி, தலையணை இல்லாமல் படுக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் வந்தோம்.

டாக்டரின் கேள்விக்குக் கடைசியில் சுதாவே பதில் சொன்னாள். நோயின் பெயரையும் சொன்னாள். நான் ரமேஷின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும் மாமா” என்றான் அவன். “நிச்சயம் முடிஞ்ச மறுநாளே போன்ல சொல்லிட்டா. நீங்க சங்கடப்படுவியன்னு ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டோம்.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னான்: “வருஷா வருஷம் டெஸ்ட் எல்லாம் நீங்க பாத்துக்கிட்டு இருப்பியன்னு நெனச்சேன். நீங்க ஒண்ணையும் விடாத ஆளுல்லா.”

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

டாக்டர் விளக்கினார். அறுபது சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் முப்பத்தெட்டு. சின்ன வயதில் ஏற்றிய அந்தச் சிவப்பு மருந்து காரணமாக இருக்கலாம். கர்ப்பத்தின் சுமை அதை வெளியே காட்டியிருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் கர்ப்பத்துக்கு முன்னாலேயே மருந்து ஆரம்பித்திருக்கலாம். இப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு; இரண்டு பேரையும் காப்பாற்றத்தான் பார்ப்போம் என்றார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. அந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் கேட்டார்.

அறுபத்திரண்டு பயணம் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு தாள் தெரியும். அவர் கேட்ட அந்த ஓர் எண் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சுதாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கப்பா. இன்னும் எத்தன வீட்டுல அடுப்புல போட்டிருக்காவளோ” என்றாள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதயத்தைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் நீங்களாக ஒரு காரணம் கண்டுபிடிக்காதீர்கள்.

நேற்று ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் ஒரு நடுவயது கிளார்க். பெயரையும் வருஷத்தையும் எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு பழையது கிடைக்குமா என்று சொல்ல முடியாது, தேடிப் பார்க்கிறோம், ஒரு வாரம் ஆகும் என்றார். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டார்:

“ஆளு இப்போ உயிரோட உண்டோ?”

உண்டு என்றேன். அவருக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்... உண்டு.