டாக்டர் சிரித்துவிட்டார்

அந்தமானில், ரங்கத் ஊரிலுள்ள என் ஆபீசில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். ஒரு ஜோக் சொல்லி அனுப்பிவைப்பேன். அதனால், மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல், செத்துப்போனால் தேவலை என்று எனக்கே தோன்றியபோது எந்த மேசைக்குப் போவதென்று தெரியவில்லை. மனைவிதான் பஸ் ஏற்றி, போர்ட் பிளேரில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் வங்காளி. "க்யா தக்லீஃப் ஹை?" என்று, என்ன கஷ்டம் என்று கேட்டார். இருபது வருஷமாக நான் இந்தியில் கேலி மட்டுமே பேசியிருக்கிறேன். அழுகை, சண்டை எல்லாம் தமிழில்தான். பழக்க தோஷத்தில், கஷ்டம் எனக்கில்லை, என் பெண்டாட்டிக்குத்தான் என்று இந்தியில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கிறவனுக்கு நோய் இருக்குமா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, கப்பல் வராத நாள்லயும் ஜெட்டி நுனில போய் நிக்கிறீங்களே, அதச் சொல்லுங்க."

"அத எப்படி இந்தில சொல்றது?"

"தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்லிக்கிறேன்."

சொன்னேன். கடலில் குதித்துவிடலாமா என்று தோன்றுவதையும் சொன்னேன். அவள் தன் மார்க்கெட் இந்தியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அது வேறு யாரோ ஒருத்தனின் கதை மாதிரி கேட்டது. அவன்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு நிதானமாகப் பேசினார்.

"உங்கள அட்மிட் பண்ணணுமாம். தனியா விடக் கூடாதாம்" என்றாள் மனைவி, எனக்கு இந்தி தெரியும் என்பதையே மறந்து. நானும் ஞாபகப்படுத்தாமல் தலையாட்டினேன்.