அளவுக்கு மூன்று கோதுகள்

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே வசந்தரூபி ஒரு பித்தளைக் கோதின் வாயை அளக்கிறார். இடது கையில் கோது, வலது கையில் வேணியர் இடுக்கி. வந்த அளவைத் தையல் சோக்கால் மேசை விளிம்பில் எழுதிவிட்டு, அதே சோக்கால் பக்கத்தில் கிடக்கும் சட்டைத் துணியில் கைக்குழிக்கு வளைவு போடுகிறார். இரண்டு வேலைக்கும் நடுவில் மூக்குக் கண்ணாடியைக்கூட அவர் மாற்றுவதில்லை.

பிரான்சில், லா சப்பலில் ஒரு புடைவைக் கடையின் பின்னறையில் இருக்கிறது அவருடைய தையல் மெசின். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த கஜனி, கோதைக் கண்டு நின்றுவிட்டாள்.

"அன்ரி, உது என்ன? விளக்கின்ரை ஏதும் பாகமோ?"

"இல்லைப் பிள்ளை, சுட்ட தோட்டாவின்ரை கோது. நீ கையைத் தூக்கு, கமக்கட்டு அளக்கோணும்."

கஜனி கையைத் தூக்கினாள். அளந்து முடிந்த பிறகும் இறக்க மறந்து நின்றாள்.

வசந்தரூபிக்கு ஐம்பத்தொரு வயது. வன்னியிலிருந்து வந்து பதினைந்து வருடம். பியர்ஃபித்தில் வீடு, கணவர் குணசேகரம் ஓர் உணவகத்தில் சமையல். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைதான் போடுவார். அதன் இடது மார்பில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். யாராவது வந்து "எனக்கு முப்பத்தெட்டு சைஸ்" என்றால் முகம் சுருங்கிவிடும். "சைஸ் கடைக்காரன்ரை. அளவுதான் உம்மடை. பழைய சட்டை ஒண்டு கொண்டுவாரும்" என்று திருப்பி அனுப்புவார். அவர் தலைக்கு மேலே ஆணி வரிசையில் தொங்குபவை எல்லாம் இப்படி வந்த அளவுச் சட்டைகள்தான். கிழிந்தது, சாயம் போனது, கொக்கி போனது என்று எல்லாவற்றிலும் பெயர் எழுதிய துண்டு கட்டியிருக்கும்.

துப்பாக்கி அவர் வாழ்க்கைக்குள் தும்புத்தடி வழியாக வந்தது. பிரான்சுக்கு வந்த புதிதில் எபினே பக்கம் ஒரு சூட்டுக் கழகத்தில் திங்கட்கிழமை தோறும் கூட்டித் துடைக்கிற வேலை. தரையில் சிதறிக் கிடந்த வெற்றுக் கோதுகளைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. நீளம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரித்துத் தயிர்க் கிண்ணங்களில் போட்டு வைத்தார். கழகத்துச் செயலாளர் ஜெர்மேன் அந்தக் கிண்ணங்களைப் பார்த்தார். தாங்கள் கண்ணாடி போட்டுப் பிரிப்பதை இந்தப் பெண் வெறும் கண்ணால் பிரிக்கிறாரே என்று வியந்து, ஒருநாள் சுட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். இப்போது துடைக்கும் வேலை இல்லை. உறுப்பினர் அட்டை இருக்கிறது. நூற்றைம்பது வருடப் பழைய துப்பாக்கி ஒன்றும் சொந்தமாக உண்டு. அது கழகத்தின் இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்கு வருவது கோதுகள் மட்டும்தான்.

குணசேகரத்துக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

"இஞ்சேரும், சனம் கதைக்குது. சண்டைக்குள்ளாலை வந்த மனிசி, இஞ்சை வந்து துவக்குத் தூக்குதாம் எண்டு."

"கதைக்கட்டும். அங்கை வெடிச்சத்தம் கேட்டா நான் ஓடினனான். இஞ்சை நான் சொன்னாத்தான் அது வெடிக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. குணசேகரம் அதற்குப் பிறகு சனத்தைப் பற்றிக் கதைக்கவுமில்லை, கழகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவுமில்லை.

அந்தக் காலத்துத் தோட்டா கடையில் கட்டுக் கட்டாகக் கிடைப்பதல்ல. சுட்ட கோதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாவிக்க வேண்டும். கோதின் அடியில் எரிந்துபோன சின்ன மூடி ஒன்று இருக்கும். அதை வசந்தரூபி "பொட்டு" என்பார். பொட்டைத் தள்ளிக் கழற்றி, கோதைக் கழுவி, சூட்டில் விரிந்த உடம்பை உருக்கு அச்சுக்குள் செலுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த குண்டுக்கு அது தயார். கழுவுவதற்கு மற்றவர்கள் ஏதேதோ திரவம் வாங்க, இவர் வாளியில் புளியைக் கரைப்பார். குத்துவிளக்குத் துலக்கின கை அது. ஐந்து நிமிடத்தில் கருமை கழன்று கோது பொன்னாய் வந்துவிடும். ஜெர்மேன் முகர்ந்து பார்த்துவிட்டு, இதைச் சமையலுக்கும் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்.

குறை ஒன்றே ஒன்றுதான்: அச்சு இரவல். ஜெர்மேனின் அச்சு ஜெர்மேனின் துப்பாக்கிக்கு ஏற்றது. அது வசந்தரூபியின் கோதுகளைத் தேவைக்கு மேல் ஒடுக்கும். அவருடைய துப்பாக்கி மறுபடி விரிக்கும். ஒடுக்கி விரித்து, ஒடுக்கி விரித்து, போன வருடப் போட்டியில் இரண்டு கோது வெடித்துக் கிழிந்தன. கழக அணியில் நாலு பேருக்குத்தான் இடம். மூன்று புள்ளியில் அவருக்கு அது போயிற்று. "வாற சித்திரையிலை நான் அதுக்குள்ளை நிப்பன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் சும்மா சொல்லவில்லை.

இந்தத் தைப்பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, விளக்குக்குக் கரைத்த புளியிலேயே நாற்பது கோதையும் போட்டார். ஒரு வேலையில் இரண்டு வேலை. அதற்குள் கடையிலிருந்து ஃபோன். மணப்பெண் தோழிகளின் ஆறு சட்டை அவசரமாம். வாளி குளியலறை மூலையிலேயே இருந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் குணசேகரம்தான் கண்டார்.

"இஞ்சேரும்! உம்மடை தோட்டாவெல்லாம் ரோஸ் கலராப் போச்சுது!"

விளக்கும் சிவந்துதான் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்க்க அது தெளிந்துவிட்டது. கோதுகளையும் தேய்த்தார், மினுங்கின, ஆனால் அந்த ரோஸ் நிறம் போகவில்லை. ஜெர்மேனிடம் கொண்டு ஓடினார். அவர் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பித்தளையில் இருந்த துத்தநாகத்தைப் புளி தின்றுவிட்டது, இனி இது பலமில்லை, சுட்டால் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிளக்கும் என்றார். நாற்பதும் போயிற்று. திரும்பும் ரயிலில் வசந்தரூபி அழுதார். கோதுக்காக அல்ல, விளக்குக்கும் தோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாத பெண் என்று கழகத்தில் நினைத்துவிடுவார்களே என்றுதான். அந்த அழுகை வீட்டுக்குக் கிட்டவே முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆர்ஜொந்தெய்யில் ஆன்-சோஃபியின் சூட்டுச் சாமான் கடை திறக்க முதலே வாசலில் நின்றார். வசந்தரூபியின் பிரெஞ்சும் வன்னி நடையில்தான் போகும். ஆகவே அவர் பேச்சை அப்படியே எழுதிவிடலாம்.

புதுக் கோது இருபது கிடைத்தது. பொட்டுக் கழற்றும் கருவிகள் இரண்டை ஆன்-சோஃபி மேசையில் வைத்தார். ஒன்று மேசையில் பூட்டுவது, பாரமானது, அழகானது. மற்றது குறடு போலக் கைக்குள் அடங்குவது. வசந்தரூபி அழகை விட்டுவிட்டு ஊசியைப் பார்த்தார்; பொட்டைத் தள்ளும் அந்த மெல்லிய ஊசிதான் அவருக்கு முக்கியம். முதல் வருடம் ஒரு பழைய இராணுவக் கோதில், நடுவில் துளையே இல்லை என்று தெரியாமல் அழுத்தி இரவல் ஊசியை முறித்தவர் அவர்.

"ஊசி முறிஞ்சா ஊசி மட்டும் வாங்கேலுமோ? இல்லாட்டி முழுச் சாமானுமோ?"

"குறட்டுக்கு ஊசி தனியாக உண்டு. மற்றதுக்கு இல்லை, மதாம்."

"அப்ப குறடு."

அடுத்தது அச்சு. பளபளவென்ற பெட்டி ஒன்றை ஆன்-சோஃபி திறந்தார். "உங்கள் தோட்டாவின் பெயர் மேலேயே இருக்கிறது. எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்."

வசந்தரூபி பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். அச்சின் உள்வாயை அளந்தார். கைப்பையில் இருந்த ரோஸ் கோதின் அடியுடம்பை அளந்தார். இரண்டு எண்களையும் உள்ளங்கையில் எழுதி நீட்டினார்.

"உது இடுப்பை இறுக்கும். எனக்கு மூண்டாம் சூட்டிலை திரும்பவும் கிழியும்."

"பெயர் ஒன்றுதானே, மதாம்?"

"பேரைப் பாத்துச் சட்டை தைக்கேலாது."

ஆன்-சோஃபி அந்த எண்களை வாசித்தார். பிறகு பெட்டியை மூடினார். தெற்கே ஒரு கைவினைஞர் இருக்கிறார், துப்பாக்கிக்கேற்ப அச்சு கடைந்து கொடுப்பார். ஆறு வாரம் எடுக்கும், பிடிக்காவிட்டால் திருப்ப முடியாது. உங்கள் துப்பாக்கியிலேயே சுட்ட, இன்னும் ஒடுக்காத மூன்று கோது அவருக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

வசந்தரூபி மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். சுட்ட கோது நாற்பதும் புளிக்குப் பலி. புதிய கோதைச் சுட்டு எடுக்கலாமென்றால் கழகத்துச் சுடுதளம் திருத்த வேலைக்காகப் பங்குனி வரை பூட்டு. அப்படியே நின்றவரின் கண், கவுண்டரில் கிடந்த ரோஸ் கோதில் போய் விழுந்தது.

"அவர் கோது கேக்கிறது சுடுறதுக்கோ, அளக்கிறதுக்கோ?"

"அளப்பதற்குத்தான்."

"அப்ப அளவுக்குப் பழுதானது காணும்!"

கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டார். கிழிந்த சட்டையை வைத்து எத்தனை கல்யாணத்துக்குத் தைத்தவர்! போட்டுக்கொள்ள உதவாது என்பதற்காகச் சட்டை அளவை மறந்துவிடுமா? அன்று பின்னேரம் புடைவைக் கடைப் பின்னறையில் நல்ல உருவமாய் மூன்று ரோஸ் கோதைத் தெரிந்தெடுத்து, அளவுச் சட்டைகளுக்குக் கட்டுகிற அதே துண்டில் பெயர் எழுதி, அதே நூலால் கட்டினார். இருபது பெண்களுக்குக் கட்டியவர், தன் பெயரை எழுதிக் கட்டியது அதுதான் முதல் தடவை. மிச்ச முப்பத்தேழையும் யாரும் தவறி எடுத்துச் சுட்டுவிடாதபடி குறட்டால் நசுக்கி எறிந்தார்.

அச்சு பங்குனி நடுவில் பார்சலில் வந்தது. கழகம் திறந்ததும் புதுக் கோதில் சுட்டு, கழற்றி, கழுவி, அச்சில் செலுத்தி, துப்பாக்கிக்குள் வைத்துப் பார்த்தார். சொந்தச் சட்டைக்குள் கை போவது போலப் போயிற்று. ஜெர்மேன் தானும் ஒன்று செய்விக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். "முதல் உங்கடை கோது மூண்டு தாங்கோ" என்றார் வசந்தரூபி.

சித்திரைக் கடைசி ஞாயிறு. நாலு இடத்துக்கு ஒன்பது பேர். அரை மணி நேரத்தில் பதின்மூன்று சூடு. சிறந்த பத்து கணக்கில் வரும். வெண்புகை எழும்பிக் கூரையைத் தொட்டது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் மற்றவர்கள் இலக்கைத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். வசந்தரூபி கோதைத்தான் முதலில் பார்த்தார். விரலால் ஒரு சுற்றுத் தடவி, கிழிசல் இல்லை என்று கண்டபின், நிமிர்த்தி வரிசையில் வைத்தார். பதின்மூன்றும் முழுசாக நின்றன.

பெயர்ப் பட்டியலை ஜெர்மேன் வாசித்தார். நாலாவது பெயர் வசந்தரூபியுடையது. ஐந்தாவது ஆளுக்கும் அவருக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கைதட்டலுக்கிடையில் பின்னால் யாரோ விசிலடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் வாசலடியில் உணவகத்துக் கறுப்புக் காற்சட்டையோடு குணசேகரம். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அணியைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் துப்பாக்கியோடு வந்து நின்றுவிட்டார்கள். நாலாவது ஆளைக் காணவில்லை. குணசேகரம்தான் தேடிப் போனார். பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில், பதின்மூன்று பொட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, வாளிக்கு முன் குந்தியிருந்தார் மனைவி.

"இஞ்சேரும், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். வாருமன்!"

வசந்தரூபி சுவர் மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். வலது கை முழங்கை வரை புளித்தண்ணீருக்குள் இருந்தது.