பச்சையாக ஒளிர்ந்த தகடு

பெரம்பலூரில் முலாம் பட்டறை என்றால் அன்றைக்கு என் பட்டறைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் நான் நிக்கல் ஏற்றிய சாமான் மங்கிவிட்டதென்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அரியலூரிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு கல்லூரி வாத்தியார் பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். கைக்குட்டையில் சுற்றிய எவர்சில்வர் தகட்டைப் பிரித்து, தான் கொண்டுவந்த மருந்துத் தண்ணீரில் முக்கி, முலாமுக்குக் கரண்ட் கொடுக்கும் என் ரெக்டிபயர் பெட்டியிலிருந்து கொஞ்சமாகக் கரண்ட் விட்டுக் காத்திருப்பார். ஏழெட்டு மாதமாகத் தகட்டில் படிந்த பூச்சு உரிந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு உரியவில்லை. ஷட்டரை இறக்கச் சொல்லி, கள்ளநோட்டு பார்க்கும் விளக்கைப் பிடித்தார். தகடு பச்சையாக ஒளிர்ந்தது.

"யாருக்குங்க சார் காட்டப்போறீங்க?"

"உங்களுக்குத்தாங்க. வேற யாரு கேக்கறா?"

ஷட்டரை ஏற்றிவிட்டுக் கை கழுவப் போனார். வெயிலில் தகடு சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தது. தேய்த்தால் இன்னும் நன்றாக ஒளிரும் என்று பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடியாக்கிவிட்டேன். நம் தொழிலில் கடைசி வேலை அதுதானே.

அவர் வந்து மறுபடி ஷட்டரை இறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்தார். ஒன்றும் ஒளிரவில்லை.

"பூச்சு போயிருச்சுங்களா சார்?"

"பரவால்லைங்க. நல்லா மின்னுது."

வெறும் தகட்டைப் பழையபடி பத்திரமாகக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு ரெக்டிபயரை அவருக்காகச் சும்மா வைத்திருந்தேன். வரவில்லை, அப்புறமும் வரவில்லை.

என் வேலையை எத்தனையோ பேர் மெச்சியிருக்கிறார்கள். அவர் மெச்சியதை மட்டும் என்னால் இன்னும் வாங்கிக்கொள்ள முடியவில்லை.