பங்களாவின் மாடி ஜன்னல்

1. முதல் நாள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து டூர் வேன் ஓட்டிப் பிழைத்தவன் நான். டிரைவரும் நானே, கைடும் நானே. காப்பார் பக்கம் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட் பங்களாவைக் காட்சிக்கூடமாக மாற்றியதும் கம்பெனி என்னைத்தான் அங்கே அனுப்பியது. நான் பிறந்த தோட்டம் அது. நமக்குத் தெரியாததா என்று மெத்தனமாகத்தான் போனேன்.

முதல் நாளே மானம் போயிற்று. வேனிலிருந்து இறங்கிய அத்தனை கஸ்டமரையும் பங்களாவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், பின்பக்கம் சமையற்கட்டுப் படியருகே நிறுத்திவிட்டேன். காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவி என்ற பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், எங்க போறீங்க? என்ட்ரன்ஸ் அந்தப் பக்கம் லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து ஆட்கள் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரையைப் பார்க்க வேண்டுமென்றால் பின்படியில்தான் நிற்க வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே நின்றிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கால் தானாகப் போய்விட்டது.

2. டீச்சர் கேட்ட கேள்வி

அந்தக் கூட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின அம்மையார் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற டீச்சர். அவருடைய முன்னோர் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தத் தோட்டத்தையும் இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்களாம். இங்கே பியானோ, பீங்கான் தட்டு எல்லாம் பார்த்து முடித்தபின் ஆங்கிலத்தில் கேட்டார், உங்கள் ஆட்களும் அடிமைகளா என்று.

"சோகக் கதையெல்லாம் வேணாம் லா, டூரிஸ்ட் மூட் போயிடும்" என்று பாஸ் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அந்த அம்மாவிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. "அடிமை இல்லை மேடம், ஒப்பந்தக் கூலி. விலைக்கு வாங்கவில்லை. ஆனால் பாட்டன் காலத்தில் பாதியில் விட்டு ஓடினால் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். என் அம்மா காலத்தில் ஜெயில் தண்டனை போய்விட்டது, பயம் மட்டும் மிச்சம்" என்றேன்.

என் அம்மா குடியிருந்த இடம் எது என்று கேட்டார். கார் பார்க்கைக் காட்டினேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டுத்தான் அதைப் போட்டிருந்தார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தில் இருப்பவர்களை இங்கே கூட்டி வந்தீர்களா என்றார். இல்லை என்றேன்.

3. அக்கா

இருப்பது பண்டமாரானில் என் அக்கா ஒருத்திதான். அம்மாவோடு ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போனவள். அடுத்த ஞாயிறு கூட்டி வந்தேன். அவளும் நேரே பின்படிக்குத்தான் நடந்தாள். கையைப் பிடித்து முன்வாசலுக்கு அழைத்து வந்தேன். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று தேவி சொல்லியும் கேட்காமல், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

பியானோ பக்கம் அவள் திரும்பவே இல்லை. "அந்த மாடி ஜன்னல் ரூமக் காட்டுடா" என்றாள்.

லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் மாடியில் ஒரே ஒரு ஜன்னல் தெரியும். துரை அங்கிருந்து பார்ப்பார் என்று அம்மா தினமும் வேலைக்குப் போகுமுன் எங்கள் வீட்டு வாசலைப் பெருக்கிவிடுவார். காய்ச்சல் அடித்தாலும் விடமாட்டார். "தொரை கண்ணுல குப்பை படக்கூடாது" என்பார்.

பூட்டிக் கிடந்த அந்த அறையைத் தேவி திறந்துவிட்டாள். அது குளியலறை. ஜன்னல் தலைக்கு மேலே இருந்தது, அதுவும் மங்கல் கண்ணாடி. நுனிக்காலில் நின்று எக்கினாலும் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"பாத்ரூமாடா இது?"

"ஆமாக்கா."

"அப்போ யாருமே பார்க்கலையா?"

அக்கா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.

"சரி விடு. அம்மா நமக்காகத்தான் பெருக்குனாங்கன்னு வச்சுக்குவோம்" என்றாள்.

இப்போது வேலைக்கு வரும் கைடுகளுக்கு இதைத்தான் சொல்வேன். பியானோவில் ஆரம்பிக்காதீர்கள். கார் பார்க்கில் நின்று அந்த ஜன்னலைக் காட்டுங்கள். பிறகு மேலே கூட்டிப்போய் உள்ளிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பாஸ் முணுமுணுத்தாலும் கடைசிவரை நான் அப்படித்தான் செய்தேன்.

அம்மா அந்த வாசலில் ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க இன்றும் ஏங்குகிறேன். எத்தனை கூட்டம் இருந்தாலும் கார் பார்க்கில் எங்கள் வீடு இருந்த மூலையில் மட்டும் நான் வேனை நிறுத்தியதில்லை. அது அம்மா பெருக்கி வைத்த வாசல்.