பதினாலு மெழுகுவர்த்தி

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோரைக் கட்டிக் காத்த அந்த அம்மாளுக்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்த பெயர் இல்லையம்மா. யார் சீட்டை நீட்டி எதைக் கேட்டாலும், அலமாரி நிறைய இருந்தாலும், முதல் பதில் "இல்லை"தான். "போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க?" என்பது இரண்டாவது. பஞ்சுக்காக நடையாய் நடந்து ஒரு டாக்டருக்குச் செருப்பே தேய்ந்துபோனதாகப் பேச்சு உண்டு. ஆனால் அவள் இருந்தவரை அங்கே எதுவும் தீர்ந்துபோனதில்லை; அதையும் சொல்ல வேண்டும்.

அவள் ஓய்வு பெற்ற ஏழாம் மாதம், மாப்பிள்ளை பல்பு மாற்ற ஏணியில் ஏறி, பல்போடு சேர்ந்து கீழே வந்தார். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. மகளுக்கு ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் பகல் முழுக்க வேலை, லீவு கிடையாது. ஆகவே இல்லையம்மா ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

மகள் கல்யாணமான நாலு வருஷத்தில் மாமியாரும் மருமகனும் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு போஸ்ட்கார்டு நிரம்பாது. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "சரிங்க அத்தை" என்று அவர் நாற்காலியைப் பார்த்துச் சொல்வார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஹாலில் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை கன்ட்ரோலரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையாலும் மோவாயாலும் பட்டன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். டிவியில் ஒரு பேய் யாரையோ கழுத்தில் கடிக்கிறது. ஜப்பான்காரர்கள் செய்த வீடியோ கேமாம். தீவில் கைவிடப்பட்ட ஆஸ்பத்திரிக்குள் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி உயிரோடு வெளியே வர வேண்டும். மூன்று வருஷம் காத்திருந்து வாங்கினாராம். உறையைப் பிரித்த மறுநாள் கை உடைந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து இல்லையம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"எதை அமுக்கணும்னு சொல்லுங்க மாப்பிள்ளை. நான் அமுக்கறேன்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பத்து மணிக்கே சமையல் முடிந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் மகள் வேலையிலிருந்து வரும்வரை இருவரும் எழுந்திருப்பதில்லை.

முதல் வாரம் ஏழு முறை செத்து, ஏழு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். அப்புறம் பிடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? "ஸ்டோர் கீழ்த்தளத்துலதான் இருக்கும், லிஃப்டுக்குப் பின்னாடி" என்பாள், அங்கேயே இருக்கும். ரத்தம் சொட்டச் சொட்ட வந்த நர்ஸ் பேயைப் பார்த்து, "தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வார்டுக்குள்ள என்னடி சுத்தல்?" என்று அதட்டினாள். மருந்து கிடைத்தால் காலாவதித் தேதியைத் தேடினாள். ஆனால் எதையும் செலவழிக்க மட்டும் கை வரவில்லை.

"சுடுங்க அத்தை! சுடுங்க!"

"இதுக்கெல்லாம் ஒரு குண்டா? இது கிழம். சுத்திக்கிட்டு ஓடிடலாம்."

அந்த விளையாட்டில் ஒரு விதி. அங்கங்கே மாட்டியிருக்கும் கண்ணாடிகள் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். மெழுகுவர்த்தியைத் தேடி எடுக்க வேண்டும், ஏற்றினால் தீர்ந்தது. இல்லையம்மா ஒன்றைக்கூட ஏற்றவில்லை. "பின்னால என்ன கஷ்டம் வருமோ" என்று சேர்த்து வைத்தாள். தினமும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, கேம் பெட்டியை அணைக்காமலே விட்டு, பிளக் மேல் 'தொடாதே' என்று ஒரு சீட்டும் ஒட்டினாள். மாப்பிள்ளைக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. அத்தையாயிற்றே.

கட்டுப் பிரிக்க இன்னும் எட்டு நாள். ஆட்டத்துப் பையில் பதினாலு மெழுகுவர்த்தி. அன்று காலை மகள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட ஒரு பிளக்கைப் பிடுங்கினாள். சீட்டு எப்போதோ உதிர்ந்து சோபாவுக்கடியில் கிடந்தது.

இருவரும் உட்கார்ந்து டிவியைப் போட்டால் ஆட்டத்தின் முதல் பக்கம் வந்து நின்றது. பை காலி. இல்லையம்மா வாழ்க்கையில் காலி அலமாரியைப் பார்த்தவளில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டுப் பிரித்துவிட்டால் அவர் கை அவருக்கு. அவள் திரும்பவும் தன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே யாரும் அவளிடம் சீட்டு நீட்டப்போவதில்லை, இல்லை என்று சொல்லக்கூட ஆளில்லை. போவதற்குள் இதன் முடிவை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் இருந்தாள்.

"உங்க ஆட்டத்தை நானே கெடுத்துட்டேன் மாப்பிள்ளை" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "எட்டு நாள் இருக்கே அத்தை! வழியெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒண்ணே ஒண்ணு, கண்ணாடியைப் பார்த்தா ஏத்திடணும்."

முதல் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். ஒன்று குறைந்தது. வேறொன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு தாராளமோ தாராளம். மருந்தைப் பாதிக் காயத்துக்கே கொடுத்தாள். கிழட்டுப் பேய்க்கும் ஒரு குண்டு உண்டு என்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி பஸ். அவள் பை வாசற்கதவருகில் தயாராக இருந்தது. டிவியில் மிச்சமிருந்தது கடைசிப் பேய், அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்.

"இந்தாங்க" என்று கன்ட்ரோலரை நீட்டினாள். "கைதான் சரியாயிடுச்சே. கடைசியை நீங்களே முடிங்க."

மாப்பிள்ளை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் இன்னும் மடங்க மாட்டேங்குது அத்தை."

அன்று காலைதான், இறுகிப்போன ஜாடி மூடியை அதே கையால் அவர் ஒரே திருகாகத் திருகித் திறந்ததை அவள் பார்த்திருந்தாள். பொய்ச் சீட்டோடு வருகிறவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுகிறவள் அவள். இந்தச் சீட்டை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் அவளை மூன்று முறை கொன்றார். மூன்று முறையும் கடைசியாக ஏற்றிய மெழுகுவர்த்தியிலிருந்து எழுந்து வந்தாள். "வலது பக்கம் அத்தை! வலது!" "தெரியுது, கத்தாதீங்க!" நாலாவது முறை நடந்துகொண்டிருக்கும்போது மகள் வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

"அம்மா, மணி ஆறரை. பஸ்ஸுக்குக் கிளம்பலையா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இல்லையம்மா சொன்னாள்: "இல்லை."