கீழ்க்கதவு இல்லாத விமானம்

எங்கள் வீட்டு அலுமாரியின் கண்ணாடிக் கதவுதான் எல்லாவற்றையும் முதலில் அறியும். காதுக்கு ஒன்றும் கேட்காத நேரத்திலேயே அந்தக் கண்ணாடி தன் சட்டத்துக்குள் மெல்ல ‘கிர்ர்’ என்று அதிரத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் வானத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து இரைச்சல் வரும். அதற்குள் அம்மா அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, பின்வளவில் தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு மூடிய ‘பங்கருக்குள்’ இறங்கிவிடுவார். தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மின்சாரம் என்ற ஒன்று இருந்ததையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். ஆனால் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சத்தத்தை வைத்தே குண்டுபோட வருகிற விமானம் எதுவென்று சொல்லத் தெரியும். உறுமிக்கொண்டு மெதுவாக வந்தால் ‘சகடை’, காதைக் கிழித்துக்கொண்டு போனால் ‘பொம்மர்’, தடதடவென்று அடித்தால் ‘ஹெலி’. வேறு ஊர்ப் பிள்ளைகள் குருவிகளின் பெயரைப் பழகுகிற வயதில் நாங்கள் இவற்றைப் பழகினோம்.

எல்லோரும் பயந்தார்கள், நானும் பயந்தேன். ஆனால் பயத்தோடு எனக்குள் இன்னொன்றும் இருந்தது. ஒருநாள் பங்கருக்குள் குந்தியிருந்தபடி அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். “அம்மா, அவ்வளவு பாரமான சாமான் விழாமல் என்னெண்டு மேலை நிக்குது?”

பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமியும் எங்கள் பங்கருக்குள்தான் ஒதுங்குவார். “கேக்கிற நேரத்தைப் பார். அது விழட்டும் எண்டு கும்பிடு பிள்ளை,” என்றார். அம்மா சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. இரைச்சல் தூரப்போகும் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்குத் தெரியாது. நீ அறிஞ்சு வந்து எனக்குச் சொல்லு,” என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குத்தான் என் ஆயுள் முழுக்க நான் கடன்பட்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைக்கு முன்னால் சொல்வதற்குப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள்; வாயை மூடு என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். என் அம்மாவோ தெரியாது என்று சொன்னதோடு நிற்கவில்லை, அதை அறிந்து வரக்கூடியவள் இவள்தான் என்றும் தீர்மானித்துவிட்டார். அன்றிலிருந்து அது என் பொறுப்பாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் விஞ்ஞான ரீச்சர் எல்லோரையும் எழுப்பி, வளர்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் இதற்கு இரண்டே மறுமொழிதான். பாதி வகுப்பு டொக்டர், மீதி வகுப்பு எஞ்சினியர். என் முறை வந்தபோது, “நான் பிளேன் கட்டுவன் ரீச்சர்,” என்றேன்.

என் பக்கத்தில் இருந்த மெற்றில்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குருநகர்ப் பிள்ளை, கடற்றொழில் செய்த குடும்பம். ஒரு பகல்வேளையில் விழுந்த குண்டு அவளுடைய வீட்டையும் அப்பாவையும் ஒன்றாகக் கொண்டுபோன பிறகு, தாயோடு கொக்குவிலில் உறவினர் வீட்டில் வந்து இருந்தாள். வந்த நாளிலிருந்து எனக்கு அவள்தான் உயிர்ச் சிநேகிதி. அவள் அப்படியே புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பின்வரிசை வாங்கில் போய் இருந்துவிட்டாள்.

ஊருக்குள்ளும் கதை பரவிற்று. “விரலுக்குத் தக்கதாய் வீங்க வேணும்,” என்றார் பாக்கியம் மாமி, “அதுவும் வீங்கிறதுக்கு வேறை சாமான் கிடைக்கேல்லையோ?” நான் அழுதுகொண்டு அம்மாவிடம் போனேன். மெற்றில்டா விலகிப் போனதைச் சொல்லி, பிளேனைப் பற்றி யோசிப்பதே பாவமோ என்று கேட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “அந்தப் பிள்ளையின்ரை கோவமும் நியாயம், உன்ரை கேள்வியும் நியாயம். ஒண்டுக்காக மற்றதை விடாதை,” என்றார். சொல்வது சுகம். எனக்கு மெற்றில்டாவும் வேண்டும், பிளேனும் வேண்டும்; இரண்டையும் எப்படி ஒரு கையில் பிடிப்பது என்று தெரியாமல் தவித்தேன்.

கேள்விக்கு முதல் விடை அரிசி புடைக்கச் சந்தையில் வாங்கிய ஒரு சுளகிலிருந்து வந்தது. புதுச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் சைக்கிள் கரியரில் இருந்தேன். மீன் வாங்குவதற்காக அப்பா கொழும்புத்துறைக் கரையோரமாக மிதித்தார். சோளகக் காற்று எதிரே அள்ளிக்கொண்டு வந்தது. விளையாட்டாகச் சுளகைப் பக்கவாட்டில் நீட்டி, முன்விளிம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். கையையே பிடுங்கிக்கொண்டு போவதுபோல அது மேலே எழும்பிற்று. தாழ்த்தினேன், கீழே இழுத்தது. நிமிர்த்தினேன், மறுபடியும் மேலே. சைக்கிள் ஆடிற்று. “விழுத்தப் போறியோ?” என்று அப்பா சத்தம் போட்டார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. பாரமான சாமானைத் தாங்கி நிற்பது காற்றுத்தான், சும்மா வீசுகிற இந்தக் காற்றுத்தான் என்று அன்றைக்கு என் கை கண்டுபிடித்தது.

அந்த வருடப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நான் ஒரு சிறகு செய்து காட்டுவதாகச் சொன்னேன். ரீச்சர் நெடுநேரம் யோசித்தார். “செய். ஆனால் பலகையிலை ‘சிறகு’ எண்டு மட்டும் எழுது. ‘விமானம்’ எண்டு கண்டால் சனம் கிட்டவும் வராது,” என்றார். கமுகஞ்சிலாகையைச் சீவி எலும்புக்கூடு கட்டினேன். பழைய சோதனைத் தாள்களை ஒட்டிப் போர்த்தினேன். பேக்கரியில் பாண் போடவே மா கிடைக்காத அந்த நாட்களில், பசை காய்ச்சுவதற்கென்று அம்மா ஒரு பிடி மாவை எடுத்துத் தந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த அப்பா ஒரு பழைய தராசைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்துத் தட்டுக்குப் பதிலாகச் சிறகு, மறுபக்கத்தில் அதற்குச் சமமாகக் கல். காற்றுக்கு என்ன வழி? வீட்டில் தூசு பிடித்துக் கிடந்த மேசை விசிறியைக் கழற்றி, சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பின்சில்லின் ரயரை எடுத்துவிட்டு, வெறும் வளையத்திலிருந்து விசிறியின் தண்டுக்குப் பழைய ரியூப்பை வெட்டிப் பட்டி கட்டினோம். பெடலைக் கையால் சுற்றினால் விசிறி பறக்கும். மின்சாரத்தைத் தராதவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு முதல்நாள் வகுப்பறையில் எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றிப் பார்த்தோம். சிறகு எழும்பவில்லை. எழும்பாதது மட்டுமல்ல, ஆரோ மேலேயிருந்து அமத்துவதுபோலக் கீழே போயிற்று. கல்லைக் கூட்டினோம், பட்டியை இறுக்கினோம், சுற்றுகிற ஆளை மாற்றினோம். வேகம் கூடக்கூட இன்னும் கீழே போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். இதோடு என் ஆசை முடிந்தது, இனி நானும் டொக்டர் என்று சொல்லிக்கொண்டு திரியவேண்டியதுதான் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. “வயிறு பிழையான பக்கம் கிடக்கு.”

மெற்றில்டாதான். என்னோடு கதைக்காமல் இருந்தவள் எழும்பி வந்து, நான் கீழ்ப்பக்கமாக வளைத்துக் கட்டியிருந்த சிறகின் அடியைத் தொட்டாள். “காத்துக்குப் பாய் எந்தப் பக்கம் வயிறு வைச்சுப் புடைக்குதோ, அந்தப் பக்கம்தான் வள்ளத்தை இழுக்கும். அப்பா சொல்லுறவர். நீ வயித்தைக் கீழை வைச்சால் அது கீழைதானே இழுக்கும்?”

எனக்கு ஏன் அந்தப் பிழை வந்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. நான் மட்டுமல்ல, எங்கள் வகுப்பில் யார் செய்திருந்தாலும் இதே பிழையைத்தான் செய்திருப்பார்கள். பங்கர் வாசலில் இருந்து அண்ணாந்து பார்த்துப் பழகிய எங்களுக்கு விமானம் என்றால் அதன் அடிப்பக்கம் மட்டும்தான். அதற்கு ஒரு முதுகு இருக்கும் என்றோ, அந்த முதுகுதான் வளைந்திருக்கும் என்றோ நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

சிறகைப் புரட்டிக் கட்டினேன். ஆனால் சுற்றச் சொல்லி ஆரையும் கூப்பிடவில்லை, மெற்றில்டாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். “நீ சுத்துவியோ?” என்று கேட்டேன்.

அவள் குனிந்து சிறகின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். விமானத்தின் வயிறு கதவுபோலத் திறந்துதான் குண்டு கொட்டுகிறது என்பது அன்றைக்கு எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும்.

“நீ கட்டுற பிளேனுக்குக் கீழை கதவு இருக்கக் கூடாது,” என்றாள்.

“இராது.”

“சத்தியமோ?”

“அம்மாவாணை.”

அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தி, பெடலைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். அப்படி ஒரு சுற்று நான் அதற்குப் பிறகு எந்த இயந்திரத்திலும் கண்டதில்லை. தராசுக் கை நடுங்கிற்று, தயங்கிற்று, பிறகு சோதனைத் தாள் போர்த்திய அந்தச் சிறகு ஒரு குலுக்கலோடு மேலே எழும்பிற்று. சிரித்த பிள்ளைகளே கைதட்டினார்கள். மெற்றில்டா நிறுத்தவில்லை, வியர்வையோ கண்ணீரோ முகமெல்லாம் வழிய, அது உச்சியில் நிற்கும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சனம் வரிசையில் நின்று பார்த்தது. பாக்கியம் மாமியும் வந்து பார்த்தார். இரண்டு முறை சுற்றிக் காட்டச் சொன்னார். அன்று பின்னேரம் அடுப்படியில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ரீச்சருக்கு முன்னால் இருப்பதுபோல இருந்து கேட்டார் அம்மா. “இப்ப எனக்கும் தெரியும்,” என்றார். அந்த வசனத்தை மிஞ்சிய மெடல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நான் இன்று தூரதேசத்தில், பெரிய காற்றுச் சுரங்கங்களில் விமானச் சிறகுகளைச் சோதித்துப் பார்க்கிறவள். பயணிகள் விமானங்கள் மட்டும். வேறு வேலைகளுக்கு இதைவிடக் கூடச் சம்பளத்தோடு கேட்டு வந்தார்கள், நான் போகவில்லை. ஏன் என்று அங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று பெடலைச் சுற்றிய மெற்றில்டா கொக்குவிலிலேயே கணிதம் படிப்பிக்கிறாள், இரண்டு பிள்ளைகளின் தாய். இதையெல்லாம் நான் பெருமையோடுதான் சொல்கிறேன். மாவும் மண்ணெண்ணெயும் வராத ஊரில், ஒரு பிள்ளையின் கேள்வியை மட்டும் எந்தத் தடையாலும் நிறுத்த முடியவில்லை.

போன விடுமுறையில் மெற்றில்டா வீட்டு விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பங்கர் இருந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது. அந்த அலுமாரியும் இல்லை, அம்மாவும் இல்லை. திடீரென்று பலாலி விமான நிலையப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்க்காமலே கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போக எழும்பினோம். அவளுடைய பிள்ளைகளோ, “அன்ரி, பிளேன்!” என்று கூவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள்.

நாங்களும் வெட்கத்தோடு அவர்களுக்குப் பின்னால் இறங்கினோம். பயணிகள் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்தது. மெற்றில்டா நெற்றியில் கையை வைத்து, அது தென்னைகளுக்கு அப்பால் மறையும் வரைக்கும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஓம்,” என்றாள், “கதவு இல்லை.”