நீலப் பெட்டி வராத வெள்ளிக்கிழமை

1. போன்

“அண்ணே, இன்னிக்கு நீலப் பொட்டி வரலண்ணே.”

காரைக்காலில் என் சர்வீஸ் கடையில் ஒரு பிரிண்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பேசியது ஜெசிந்தா. திருமலைராயன்பட்டினத்தில் ஹாஜியார் நடத்தும் டிராவல்ஸில் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவள்தான் பார்க்கிறாள்.

“வரலன்னா சந்தோசம்தானம்மா. வந்தாத்தான நீ எனக்குப் போன் பண்ணணும்?”

“இல்லண்ணே. ஜித்தாக்காரரு அனுப்புன ஃபைலு. அதுக்கு வராம இருக்கவே இருக்காது. தொறந்தேன், ஒண்ணுமே கேக்கல. கருப்பா என்னமோ ஒண்ணு மின்னி மறைஞ்சிச்சு. நான் பிளக்கப் புடுங்கிட்டேன்.”

“எதப் புடுங்குன?”

“பிளக்கண்ணே. செவுத்துலேந்து.”

அவளுக்குப் பின்னால் ஹாஜியாரின் குரல் கேட்டது. “யாரக் கேட்டுப் புடுங்குன? சாயங்காலம் பஸ்ஸு! நாப்பது பேரு பேப்பரும் அதுக்குள்ளதான் இருக்கு! தம்பிய உடனே வரச் சொல்லு!”

பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

2. பெட்டி எதற்கு வருகிறது

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலின் மேல் ஆபரேட்டிங் சிஸ்டம் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்தும். ‘வெளிச் சரக்கு’ என்று அதற்கு அர்த்தம். நாம் அதைத் திறக்கப் போனால், முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரையில் ஒரு நீலப் பெட்டி வரும். ‘இதைச் செய்தது யாரென்று தெரியவில்லை, திறக்கத்தான் வேண்டுமா?’ என்று கேட்கும்.

கேட்டு என்ன பிரயோசனம்? ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படியில் தொங்கிக்கொண்டே படிக்கிற ஜனம் நாம். நெடுங்காட்டில் உரக்கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், “அந்தப் பொட்டிய ஒரேயடியா எடுத்துடுங்க சார், யாவாரத்துக்கு இடைஞ்சலா இருக்கு” என்றார். ஹாஜியார் வேறு ரகம். “அல்லா பேரச் சொல்லி, பிஸ்மி சொல்லித்தான் தம்பி அமுக்குனேன்” என்பார். அப்படி அமுக்கியதால் வைரஸ் புகுந்து, அந்தக் கம்ப்யூட்டரை மூன்று முறை துடைத்து, சிஸ்டத்தை மறுபடி போட்டிருக்கிறேன். பேக்கப் எடுத்து வைக்கச் சொன்னால், “அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?” என்று கேட்பார். இதற்குப் பதில் சொல்ல எந்தக் கோர்ஸிலும் கற்றுத் தருவதில்லை.

மூன்றாவது முறை ஒரு சட்டம் போட்டேன். நீலப் பெட்டி வந்தால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். எனக்குப் போன் செய்ய வேண்டும். நான் இருக்கும் இடத்திலிருந்தே ரிமோட்டில் அந்தத் திரையைப் பார்த்து ‘சரி’ என்று சொல்லும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. ஹாஜியாரையும் சேர்த்துத்தான்.

ஜெசிந்தா அந்தச் சட்டத்தைப் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாகச் சேர்த்துக்கொண்டாள். வம்பு என்னவென்றால், ஜித்தாவில் இருக்கும் ஏஜெண்ட் ஹோட்டல் வவுச்சரைச் சும்மா அனுப்ப மாட்டார். தன் மச்சான் மகன் எழுதிய குட்டி புரோகிராம் ஒன்றோடு சேர்த்துத்தான் அனுப்புவார். அதைத் தொட்டாலே பெட்டி வரும். முடிவெட்டிக்கொள்ளும்போது எனக்குப் போன் வரும். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து படுத்திருக்கும்போது வரும். “ஆங், ஆங்” என்று நான் சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், “அண்ணே, தெளிவா சொல்லுங்க” என்று காத்திருந்தவள் அவள். அந்த விசுவாசத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கும்.

3. பிளக்கும் கையுமாக

நான் போனபோது அலுவலகம் சந்தைக்கடையாக இருந்தது. அன்று சாயங்காலம் மக்காவுக்கு உம்ரா போகிறவர்களை ஏற்றிக்கொண்டு சென்னை ஏர்போர்ட்டுக்குப் பஸ் கிளம்ப வேண்டும். விசா, டிக்கெட், ஹோட்டல் வவுச்சர் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில். கடைசி வவுச்சர் வந்தவுடன் மொத்தமாகப் பிரிண்ட் எடுக்கலாம் என்று ஹாஜியார் வைத்திருந்தார். மும்பையிலிருந்து விசா அனுப்பிய ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. அவர் அனுப்பிய மெயில்களை, இடத்தை அடைக்கிறது என்று ஹாஜியார் தம் கையாலேயே அழித்திருந்தார்.

மூலையில் ஒரு நாற்காலியில், பையை மடியில் வைத்தபடி கதீஜா லாத்தா உட்கார்ந்திருந்தார். ஹாஜியாரின் கூடப் பிறந்த அக்கா. முதல் தடவை கொரோனாவால் அவருடைய பயணம் நின்றது. அடுத்த தடவை முட்டி ஆபரேஷனால் நின்றது. “இந்தத் தடவையும் நின்னா, அல்லா என்னயக் கூப்புடலன்னு நெனச்சிக்குவேன் தம்பி. இனிமே கேக்க மாட்டேன்” என்றார். சத்தமில்லாமல் சொன்னார். ஹாஜியார் போட்ட கூச்சலைவிட அதுதான் என்னைக் கலக்கியது.

ஜெசிந்தா பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரை மறைத்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஹாஜியார் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அப்படியும் பிளக்கை விடவில்லை.

“தம்பி, நீங்களே கேளுங்க!” என்று ஹாஜியார் பாய்ந்தார். “ பொட்டி வந்தாத் தொடாதன்னு சொன்னீங்க. சரி. வரலன்னாலும் தொடாதன்னா, அப்பறம் கம்ப்யூட்டர் எதுக்கு, காட்சிக்கா? கேக்காமத் தொறந்துச்சுன்னா நல்ல ஃபைலுன்னுதான அர்த்தம்?”

“அத ஆன் பண்ணாம பாத்துடலாம் ஹாஜியார். நீங்க ஜும்மா தொழுகைக்குப் போய்ட்டு வாங்க.”

“துஆ கேக்குறப்பவும் இதான் தம்பி நெனப்புல நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே தொப்பியை எடுத்தார்.

4. ஏ, பி, யு

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். என் லேப்டாப்பில் வேறு சிஸ்டம் ஓடுகிறது. இந்த வைரஸின் பாச்சா அதில் பலிக்காது. முதல் ஃபோல்டரைத் திறந்தேன். எல்லா ஃபைலின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் பூட்டிவிட்டு, சாவிக்குப் பேரம் பேசும் வகை வைரஸ். ஜித்தாக்காரரின் மெயிலை எவனோ கைப்பற்றி, அவர் பெயரில் வவுச்சர் மாதிரி அனுப்பியிருக்கிறான்.

இந்த வகையறா பெரும்பாலும் அகர வரிசையில்தான் மேயும். ஏ-யில் தொடங்கும் பழைய விளம்பரங்கள் போயிருந்தன. பி-யில் ‘Bhai Kavithai’ என்ற ஃபோல்டர். ஊரில் யார் வீட்டு நிக்காஹ் என்றாலும் ஹாஜியார் ஒரு வாழ்த்துக் கவிதை எழுதி, ஃபிரேம் போட்டு, மேடையில் முழுக்க வாசித்துவிட்டுத்தான் பிரியாணிக்கு விடுவார். அத்தனை கவிதையும் பூட்டிக் கிடந்தது. அதற்கு அடுத்த ஃபோல்டரில் பாதியைத் தின்றபோது ஜெசிந்தா பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். யூபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாளாகியிருந்தது. மாற்றுங்கள் என்று நான் கெஞ்சியதை ஹாஜியார் காதில் போட்டுக்கொள்ளாததும் நன்மையில்தான் முடிந்தது. பேட்டரி உயிரோடு இருந்திருந்தால் அது இன்னும் கொஞ்ச தூரம் மேய்ந்திருக்கும்.

உம்ரா ஃபோல்டர் யு-வில். வரிசையின் கடைசியில். ஒரு கீறல்கூட இல்லை.

“லாத்தா, விசா இருக்கு” என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா அப்போதுதான் பிளக்கைக் கீழே வைத்தாள்.

ஜித்தாக்காரரைப் போனில் பிடித்து, நிஜமான கடைசி வவுச்சரை என் போனுக்கு அனுப்ப வைத்தேன். பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெசிந்தாவிடம் மெதுவாகக் கேட்டேன். “எப்படிம்மா சந்தேகப்பட்ட?”

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். “பொட்டி வந்து நீங்க பாத்துச் சொல்றதுக்குள்ள கால் மணி நேரம் ஆவும்லண்ணே. அந்த நேரத்துல என்னய யாரும் ஒரு வேல சொல்ல முடியாது. அப்பதான் டீ குடிப்பேன். ஜித்தா மெயிலப் பாத்தாலே மொதல்ல டீக்குச் சொல்லிட்டுத்தான் ஃபைலத் தொறப்பேன். இன்னிக்கு டீ வந்துருச்சு, பொட்டி வரல. அது எப்படி வராம போவும்?”

ஹாஜியார் ஜும்மா முடிந்து வந்தார். விசாக் கட்டைப் பார்த்து “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடினார். கவிதை விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“அல்லா காப்பாத்துனான்” என்றார் லாத்தா. எதிலிருந்து என்று விளக்கவில்லை.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “ஏம்மா ஜெசிந்தா, நாளைக்கு நேரத்தோட வந்துடு” என்றார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான்.

5. ஓட்டை

பிறகுதான் தெரிந்தது, அது எங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே ஓட்டை. ஃபைலை ஒரு குறிப்பிட்ட விதமாகப் பொதிந்து அனுப்பினால், வெளிப் பொதியில் முத்திரை விழும், உள்ளே இருப்பதில் விழாது. முத்திரை இல்லையென்றால் பெட்டியும் இல்லை. காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இங்கே மலிவாகக் கிடைக்கும் மது தமிழ்நாட்டுக்குப் போகிறதா என்று எல்லை செக்போஸ்ட்டில் பைக்கில் போகிறவன் பையைத்தான் திறந்து பார்ப்பார்கள். சீர்வரிசைத் தட்டில் ஆப்பிளுக்கு அடியில் பாட்டில் போனால் கும்பிட்டு வழிவிடுவார்கள். சிஸ்டம் கம்பெனி பின்னால் அதற்கு அப்டேட் விட்டது. எல்லா வாடிக்கையாளர் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிட்டேன். ஹாஜியாரிடம் பேக்கப்புக்கு ஒரு டிஸ்க்கும் வாங்க வைத்தேன். கவிதை என்று சொன்னதும் மறுபேச்சுப் பேசவில்லை.

சில நாள் கழித்து மக்காவிலிருந்து கதீஜா லாத்தா ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “கஅபாவ மொதல்ல பாக்குறப்ப கேக்குற துஆ வீணாப் போவாதும்பாங்க புள்ள. எல்லாப் பேரும் சொன்னேன். ஒம் பேரயும் சொன்னேன். பிளக்கப் புடுங்குன கைக்கு நோவு நொடி வரக்கூடாதுன்னு கேட்டேன்.” ஜெசிந்தா போனை என்னிடம் நீட்டிவிட்டு டீக்குச் சொல்ல எழுந்து போனாள். 

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். எச்சரிக்கை வந்தால் அது நம் கண்ணில் படும். வராமல் போவது, எது எப்போது வரும் என்று தெரிந்து வைத்திருப்பவர் கண்ணில்தான் படும். அந்த நாற்காலியில் தினமும் உட்காருகிறவருக்குத் தெரிகிற அளவுக்கு நமக்கு அது தெரியாது. அதனால் வாடிக்கையாளர் ‘எரர் வருது’ என்று போன் செய்தால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ‘எப்பவும் வர்றது இன்னிக்கு வரல’ என்றால், கடையைப் பூட்டக்கூட நிற்காமல் ஓடுங்கள்.